தும்பையும் தும்பை போன்றதும்

எங்கள் வீட்டில் தும்பையைச் சும்மா தும்பை என்று சொன்னால் சண்டை வரும். "எந்தத் தும்பை?" என்று அவர் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேட்டி தும்பைப் பூவாக வெளுத்திருக்கிறது என்கிறோம், சோறு தும்பைப் பூவாக மலர்ந்திருக்கிறது என்கிறோம். எந்தத் தும்பை என்று யாராவது கேட்டதுண்டா? என் வீட்டுக்காரர் கேட்பார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இரண்டு வாத்தியார்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் யார் பேச்சை யார் கேட்பது? நான் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

தும்பை இரண்டு உண்டு என்பார். இன்னும் பல உண்டு, புதுச்சேரிப் பக்கத்தில் நாம் குழம்பிப்போவது இந்த இரண்டில்தான் என்பார். ஒன்று எங்கும் கிடக்கும் தும்பை. லியூகஸ் ஆஸ்பெரா என்பது அதன் லத்தீன் பேர். மற்றது லியூகஸ் ஸெய்லானிகா, கடலோர மணலில் எப்போதாவது தட்டுப்படும். இரண்டும் மழையில் முளைத்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் பூத்து, கோடை வருவதற்குள் காய்ந்து செத்துப்போகும். பூவைப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலும் அதே வெள்ளை உதடுதான். அந்தப் பூ உட்கார்ந்திருக்கும் பச்சைக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். முதலாவதன் கிண்ணம் சற்று வளைந்து, வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அடிப்பாதி வழுவழுப்பு, மேல்பாதியில்தான் ரோமம். இரண்டாவதன் கிண்ணம் நிமிர்ந்து வாய் குறுகியிருக்கும், விளிம்பில் பல் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். நான் முதலாவதுக்குச் சாய்வாயி என்றும் இரண்டாவதுக்குக் குறுவாயி என்றும் பேர் வைத்தேன். அவருக்கு அது பிடிக்காது. இத்தனையும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க ஒருநாளும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போது, வழியில் காலி மனை எதையாவது பார்த்துவிட்டால் போதும், வெள்ளை வேட்டியோடு மண்ணில் குந்திவிடுவார். "சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்திக் கேட்பார்கள். பட்டுப்புடவையோடு நான் வெயிலில் நிற்பேன். அவர் ஒரு பூவைக் கிள்ளுவார். வெள்ளை இதழை உருவிப் போடுவார், அது தொட்டாலே கழன்றுவிடும். கழுத்தில் கயிற்றில் தொங்கும் லென்சை எடுத்துக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பூவை மெதுவாக லென்சுக்கு அருகே கொண்டுவருவார். லென்சைப் பூவிடம் கொண்டுபோகக் கூடாதாம், பூதான் லென்சிடம் வர வேண்டுமாம். கிண்ணத்தை விரலில் உருட்டி ஒரு சுற்றுப் பார்ப்பார். "ம்ம்" என்பார். அதற்குப் பிறகுதான் பேர் வரும். எட்டி நின்று பார்த்துப் பேர் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பாக்காம சொல்றவன் ஜோசியக்காரன், டீச்சர்" என்பார்.

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்தது, அதுவே நிலைத்துவிட்டது. கோபம் வந்தாலும் டீச்சர்தான், கொஞ்சினாலும் டீச்சர்தான்.

அவர் கொண்டுவரும் செடிகளைப் பழைய பேப்பருக்கு நடுவே விரித்து என் மெத்தைக்கு அடியில் வைப்பார். மெத்தையின் கனத்தில் அவை தட்டையாகக் காயும். நான் புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். "ஊர்ல இருக்கிற பொம்பளைங்க நகைய மெத்தைக்கடியில வெச்சிட்டு தூங்கறாங்க, நான் குப்பைய வெச்சிட்டு தூங்கறேன்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். மறுநாள் இன்னொரு கட்டு வரும்.

அவர் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் கழித்து, சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது. கத்தரிக்காய்ப் பொரியலைக் காட்டி, "அந்தக் காய வை" என்றார். நான் வைத்தேன். மறுநாள் முருங்கைக்காயும் காய், வெண்டைக்காயும் காய். கொத்தமல்லி தழை, புதினாவும் தழை. சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். "ஏங்க, வாயத் தொறந்து பேரச் சொன்னா முத்தா உதுந்துடும்?" என்று கேட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தும்பை என்று ஊரையே நிறுத்திக் கேட்டவர், கத்தரிக்காயைக் கத்தரிக்காய் என்று சொல்லத் தடுமாறுகிறார் என்பது எனக்கு உறைக்கச் சில வாரங்கள் ஆயின.

அப்போது மழை விட்டிருந்தது. எங்கள் தெருக்கோடிக் காலி மனையில் தும்பை பூத்துக் கிடந்தது. ஒரு கொத்தைப் பறித்துவந்து காலைக் காப்பியோடு அவர் முன்னால் வைத்தேன். உள்ளே பயம், வெளியே விளையாட்டு. "சொல்லுங்க பாக்கலாம், எந்தத் தும்பை?"

அவர் முகம் தெளிந்தது. கொத்தில் ஒரு பூவைக் கிள்ளினார், வெள்ளையை உருவினார். லென்சைக் கண்ணில் வைத்துப் பூவைக் கொண்டுவந்தார், கிண்ணத்தை உருட்டினார். "ம்ம்" என்றார். "லியூகஸ் ஆஸ்பெரா."

நான் அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகை. காய் போனால் போகட்டும், கீரை போனால் போகட்டும், அவர் உயிர் இருக்கும் இடத்தை எதுவும் தொடவில்லை என்று நினைத்தேன். அன்று தொட்டு அது பழக்கமாயிற்று. தினமும் காலையில் அந்தத் தெருக்கோடியிலிருந்து ஒரு தும்பைப் பூ பறித்துவருவேன். அவர் உருவி, உருட்டி, பேர் சொல்வார். அன்றைய நாளை அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். பிரான்சில் இருக்கும் எங்கள் மகள் வீடியோவில் கூப்பிடும்போதும் இதையே காட்டுவேன். "அப்பா, சவா?" என்று அவள் பிரெஞ்சில் நலம் கேட்பாள். "சவா, சவா" என்று இவர் சிரிப்பார், ஒரு பூவை லென்சில் பார்த்துக் காட்டுவார். "அப்பா நல்லாதானம்மா இருக்காரு, நீதான் சும்மா பயந்துக்கற" என்பாள் மகள். நானும் ஆமாம் என்பேன்.

இருந்தாலும் மனது கேட்காமல் எங்கள் ஊர்க் கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நரம்பு டாக்டர் ஒரு பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். அவரிடம் படங்களைக் காட்டினாள். யானைப் படத்துக்கு "மிருகம்" என்றார். ஒட்டகத்துக்கும் "மிருகம்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது, ஏதோ என் மாணவன் பரீட்சையில் முழிப்பதைப் போல. நான் குறுக்கே புகுந்தேன்.

"டாக்டர், இதெல்லாம் அவருக்கு ஆர்வமில்ல. பூவக் குடுத்துப் பாருங்க. ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பூவ லென்ஸ்ல பாத்து லத்தீன் பேரோட பிரிச்சி சொல்றாரு. தெனமும் சரியா சொல்றாரு."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்படியா? சரின்னு யாரும்மா பாத்து சொல்றது?"

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சரி என்று யார் பார்த்துச் சொன்னார்கள்? அவர் சொன்னார், நான் நம்பினேன். லென்சைப் பிடித்த விதத்தைப் பார்த்து நம்பினேன். அந்த "ம்ம்" என்ற சத்தத்தைக் கேட்டு நம்பினேன். பூவை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய அலமாரியைத் திறந்தேன். இன்னொரு லென்ஸ் இருந்தது. தாளில் ஒட்டி, அவர் கைப்படப் பேர் எழுதிய காய்ந்த தும்பைகள் இரண்டு வகையிலும் இருந்தன. அவை அவர் மூளை தெளிவாக இருந்த காலத்தில் எழுதியவை, அவற்றில் தப்பு இருக்காது. அவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, லென்சோடு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிண்ணமே தெரியவில்லை, என் இமை மயிர்தான் தெரிந்தது. சமையலுக்கு நேரமாயிற்று, எழுந்துபோனேன். மறுநாளும் உட்கார்ந்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் படும் பாட்டை வேடிக்கை பார்த்தார். பூவை லென்சுக்குக் கொண்டுவராமல் லென்சைப் பூவுக்குக் கொண்டுபோகிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முன்பென்றால் கையில் அடித்திருப்பார்.

ஒருநாள் தெரிந்தது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. கிண்ணத்தின் வாய் சாய்ந்திருப்பது தெரிந்தது, ரோமம் பாதியில் ஆரம்பிப்பது தெரிந்தது. அடுத்த தாளை எடுத்தேன். குறுகின வாய். பல் இல்லாத கிழவி மாதிரி இழுத்து மூடியிருந்தது. எப்படி இதைப் பார்க்காமல் இருந்தேன் என்று ஆச்சரியமாக இருந்தது. இரண்டும் துளிக்கூட ஒன்றாக இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களைப் பெற்றவள் எப்போதாவது குழப்பிக்கொள்வாளா, அந்த மாதிரி இருந்தது. கணக்கு போட்டு விடை வந்தால் எனக்கு வரும் சந்தோஷம் வந்தது. அது நிமிஷ நேரம்தான்.

காய்ந்த குறுவாயி ஒன்றைத் தாளிலிருந்து பிரித்து, அன்று பறித்த சாய்வாயி ஒன்றோடு தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். முதலில் சாய்வாயியை எடுத்தார். பார்த்தார், உருட்டினார். "ம்ம். லியூகஸ் ஆஸ்பெரா." அடுத்துக் குறுவாயியை எடுத்தார். அதே நிதானம், அதே உருட்டல். "ம்ம். லியூகஸ் ஆஸ்பெரா."

காய்ந்தது, அதனால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு விடத் தெரியாது. தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூவைப் பிய்த்துக் கொடுத்தேன்.

அவர் மல்லிகையின் வெள்ளையை உருவிப் போட்டார். அடியில் ஒட்டியிருந்த துளியூண்டு பச்சையைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். மெதுவாக ஒரு சுற்று உருட்டினார். முகத்தில் அவ்வளவு கவனம். கல்லூரி ஆய்வகத்தில் இவர் வாயிலிருந்து பேர் வர மாணவர் கூட்டமே காத்திருக்குமே, அந்த முகம். "ம்ம்" என்றார்.

"லியூகஸ் ஆஸ்பெரா."

அறை முழுக்க மல்லிகை மணந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், சரிதானே என்பதுபோல. "சரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

கைக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான். பூவைக் கிள்ளவும் உருட்டவும் கைக்குத் தெரிந்திருந்தது, அந்தக் கடைசிப் பேரைச் சொல்ல நாக்குக்குத் தெரிந்திருந்தது. நடுவில் பார்க்கிறவர் எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. நான் அழுது சந்தோஷப்பட்டேனே, அந்த முதல் காலையிலேயே போயிருக்கலாம். எங்கள் தெருவில் இருந்தது சாய்வாயி மட்டுமே. மாதக்கணக்கில் நான் ஒரே பூவைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவர் ஒரே பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நின்றுபோன கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வந்து பார்த்துவிட்டு, ஓடுகிறது என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் மல்லிகையைச் சொன்னேன். அவள் விளக்கினாள். "இந்த மறதி நோய் நுணுக்கத்ததாம்மா மொதல்ல எடுக்கும். மொதல்ல இந்த நாய், அந்த நாய்னு பிரிக்கறது போவும். அப்புறம் நாய்க்கும் பூனைக்கும் வித்தியாசம் போவும். அப்புறம் எல்லாமே மிருகம். அதுக்கப்புறம் எல்லாமே 'அது'."

"மனுஷங்க?"

"மனுஷங்களும் அப்படிதாம்மா. கூடவே இருக்கிறவங்க கடைசியா போவாங்க."

"போவாங்களா?"

அவள் என் கையைத் தொட்டாள். டாக்டர்கள் கையைத் தொட்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். மருந்து ஏதாவது என்று கேட்டேன். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் எழுதிக் கொடுத்தாள். போனதைத் திருப்பிக் கொண்டுவர ஒன்றும் இல்லை என்று நேராகவே சொன்னாள். அந்த நேர்மைக்காக அவள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். செடியை அடையாளம் காண்பதற்கு ஒரு வரிசை உண்டு என்று இவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். முதலில் குடும்பம், அதற்குள் பேரினம், கடைசியில் இனம். மேலிருந்து படிப்படியாக இறங்கி வர வேண்டும். இப்போது இவர் அதே படிகளில் கீழிருந்து ஏறிப் போய்க்கொண்டிருந்தார். இனம் போய்விட்டது. நான் எந்தப் படியில் நிற்கிறேன்? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவருக்கு ஆயிரம் பூ மறக்கட்டும். என்னை இன்னொருத்தியிலிருந்து பிரித்துச் சொல்ல எவ்வளவு நாள் தெரிந்திருக்கும்?

மறுபடி மழைக்காலம் வந்து போனது. கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்தில், கடலோர மணலில், குறுவாயியை அவர் ஒருமுறை எடுத்த இடம் எனக்குத் தெரியும். அன்று நானும் கூடப் போயிருந்தேன், திட்டிக்கொண்டே. அங்கே அழைத்துப் போனால் என்னவோ நடக்கும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. இரண்டு பேரும் பஸ்ஸில் போய் இறங்கி, சவுக்கு மரங்களைத் தாண்டி நடந்தோம். நான்தான் குந்தினேன், நான்தான் தேடினேன். முட்டி வலி உயிர் போயிற்று. ஒவ்வொரு செடியாகக் கிள்ளிப் பார்த்து, சாய்வாயி, சாய்வாயி என்று ஒதுக்கிக்கொண்டே போனேன். ஒரு மேட்டின் ஓரத்தில் இருந்தது. நிமிர்ந்த கிண்ணம், குறுகின வாய். லென்சில் இரண்டு முறை பார்த்தேன். சந்தேகமே இல்லை. யாருடைய துணையும் இல்லாமல் என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த முதல் செடி.

"இங்க பாருங்க! ஸெய்லானிகாங்க! உங்க ஸெய்லானிகா!"

அவர் குனிந்து பார்த்தார். லென்சை எடுக்கவில்லை. கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுக்க வேண்டும் என்று கைக்கும் தோன்றவில்லை. "புல்லு" என்றார் சாந்தமாக.

எனக்கு வந்ததே கோபம். "புல்லா? இது புல்லா? இதுக்காகத்தான என் மெத்தைக்கடியில குப்பைய சேத்தீங்க? இதுக்காகத்தான வெயில்ல என்ன நிக்கவெச்சீங்க? இப்ப நான் கத்துகிட்டேன். நான் சொல்றேன். சரியா தப்பான்னு சொல்லுங்க! சொல்லித் தொலைங்க!" கத்தினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தார். யாரோ ஒருத்தி தெருவில் சத்தம் போட்டால் ஒதுங்கிப்போவோமே, அப்படி ஒதுங்கினார். நான் அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பிரயாசைப்பட்டு நான் கற்றதைச் சரி என்று சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரும் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு பூ பறித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆனால் சோதனை தானாக நடந்தது. ரத்தம் எடுக்க வந்த நர்சை "டீச்சர்" என்றார். எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. கீழ்வீட்டு அம்மாளை டீச்சர் என்றார், காய் விற்க வந்தவளை டீச்சர் என்றார். மல்லிகைக்கும் தும்பைக்கும் ஒரே பேரைச் சொன்னவர், புடவை கட்டின எல்லோருக்கும் என் பேரைக் கொடுத்துவிட்டார். நான் அந்தப் பேரினத்தில் ஒருத்தி ஆனேன். கொஞ்ச நாளில் அந்தச் சொல்லும் போய்விட்டது. யாரையும் எப்படியும் கூப்பிடுவதில்லை.

பூசையில் மட்டும் ஜெபங்களை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். "சாருக்கு விசுவாசம் அப்படியே இருக்குதும்மா, ஆண்டவர் கைவிடலை" என்று சாமியார் என்னிடம் பூரித்தார். நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரியும், அது விசுவாசம் இல்லை, அதுவும் ஒரு லியூகஸ் ஆஸ்பெராதான். ஆண்டவரிடம் நான் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தாயிற்று.

கேட்காமல் இருந்தாலும், உள்ளே ஒரு மூலையில் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வேறு யாரோடும் வெளியே போக மாட்டார். நான் நீட்டினால்தான் கையைக் கொடுப்பார். பேர் வேண்டாம், உறவு வேண்டாம், இந்தக் கை தெரிந்தால் போதும் என்று இருந்தேன்.

போன மாசி மாதத்தில் ஒருநாள் காலை, அவரை நடத்திக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். படகுகள் கரையேறியிருந்தன, நல்ல கூட்டம். மத்தி குவித்து வைத்திருந்த இடத்தில் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. பையை நீட்ட, அவர் கையை விட்டேன். மீனை வாங்கிக்கொண்டு திரும்பினால் அவரைக் காணோம்.

ஓடினேன். அந்த மணலில் நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. படகுகளுக்கு நடுவில் பார்த்தேன், தண்ணீர்ப் பக்கம் பார்த்தேன். நாலைந்து படகு தள்ளி, சாலைக்கு ஏறும் இடத்தில் அவர் போய்க்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், நிம்மதியாக. ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் மீன் கூடை. என் புடவை பச்சை, அவள் புடவை நீலம். நான் குட்டை, அவள் நல்ல உயரம். என்னையும் அவளையும் பார்த்து யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள்.

"யம்மா, உங்க வூட்டுக்காரரா?" என்றாள் அவள், என்னைப் பார்த்ததும். சங்கடப்பட்டாள். "கூடைய தூக்கிகிட்டு வந்தேன், வந்து கைய புடிச்சிகிட்டாரு. வூட்டுக்குப் போலாம்ங்கறாரு. ஒதறிட்டுப் போவ மனசு வரல. ரோட்டுக்கு இட்டாந்து யாரையாவது கேக்கலாம்னு வந்தேன்."

"ஆமாம்மா, எங்க வீட்டுக்காரர்தான்" என்றேன். மூச்சு வாங்கியது. அவரிடம் கையை நீட்டினேன். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவளிடம் கேட்டார்.

"போவட்டுமா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "போங்க ஐயா" என்றாள். "அவங்கதான் உங்க வூட்டம்மா. அவங்களோட போங்க." அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து என் கையில் வைத்தாள்.

அவள் சொன்னதால் அவர் என்னோடு வந்தார். வீடு வந்து சேரும்வரை என் கையை விடவே இல்லை. வேறு யார் கையாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.